மடிப்புக்குள் இருந்த மஞ்சள்

"என் சால்வை மஞ்சள். இது கறுப்பா இருக்கு."

"நாட்டுக்கே துக்கம்ங்க. அதுல உங்க சால்வையும் மாட்டிக்கிச்சு."

"நாட்டுக்குத் துக்கம்னா என் சால்வை என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. மேசை மேல சும்மாதான் கெடந்துச்சு. நான்தான்..." சாயக்கடைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முழங்கை வரைக்கும் கறுப்பு. "புதுசு வாங்கித் தரேங்க."

"வேணாம். இதையே குடுங்க."

முப்பத்துநான்கு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அண்டாவிலிருந்து வெந்நீர் ஆவி எழும்போதெல்லாம் அது அவள் காதில் சொல் மாறாமல் கேட்கும். அந்தக் கடைக்காரருக்கே மனைவியாகி, அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரார் துணிகளில் அடையாளத்துக்கு எண் எழுதிய தகர வில்லைகளைக் கோத்துக் கோத்து அவளுக்கு வயதும் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. ஆவிக்கு அப்பால் நிற்கிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் இன்னும் இருபத்துநான்குதான்.

நாட்டின் தலைவர் போன விமானம் மலையில் மோதிய வாரம் அது. ஏழு நாள் துக்கம் என்று ரேடியோ சொன்னது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கறுப்பு உடை வேண்டுமென்றால் கடைகள் எங்கே போகும்? ஊர் முழுக்கச் சாயக்கடை வாசலுக்கு வந்துவிட்டது. பள்ளிச் சட்டை, மேஜை விரிப்பு, ஜன்னல் திரை, எது கையில் கிடைத்ததோ அது. வில்லை கோக்க நேரமில்லை. மேசைமேல் விழுந்ததையெல்லாம் வாரி அண்டாவில் போட்டார் அவர். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொடிகளில் கறுப்புத் துணிகள் தொங்கி, நடுப்பகலில் தெருவுக்கு மட்டும் பொழுது சாய்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சொட்டிய நீரில் நடந்தவர்களின் கால்தடங்கள் வீட்டுக்கு வீடு கறுப்பாகப் போயின.

நினைவு நாள் வந்தால் அரசு விடுமுறை. குடும்பம் மொத்தமும் கடைக்கு மேலிருக்கும் வீட்டில் சாப்பிடக் கூடும். சாப்பாடு முடிந்ததும் யார் எங்கே இருந்தோம் என்ற கதை, வருஷம் தவறாமல், அதே வரிசையில்.

"நான் பல் டாக்டர் நாற்காலியில," என்று இந்த வருஷமும் நாத்தனார் ஆரம்பித்தாள். "வாயைத் திறந்தது திறந்தபடி. அந்த மனுஷன் ரேடியோகிட்ட நின்னு அழறார். அரை மணி நேரம், என் வாய்க்குள்ள பஞ்சு."

"நீ அரை மணி நேரம் பேசாம இருந்தது அன்னைக்குத்தான்," என்றார் சாயக்கடைக்காரர். "அதுக்கும் சேர்த்துத்தான் நாடு அழுதுச்சு."

பஸ் ஓட்டுநராக இருந்த நாத்தனார் கணவர், பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தியதைச் சொன்னார். பின்னால் நாற்பது வண்டிகள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லையாம். கீழே ஆறு ஓடுகிற சத்தம் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காதில் விழுந்ததாம்.

பிறகு சாயக்கடைக்காரர் முறை. அண்டா, ஆவி, கூட்டம், நாலாம் நாள் வந்து நின்ற மஞ்சள் சால்வைப் பெண். கைகளை விரித்து விரித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பச்சை, நீலம், ரோஜா நிறம் என்று ஒவ்வொரு சால்வையாகத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றதையும் சொன்னார். "கெடுத்தது ஒரே ஒரு சால்வை. கெடச்சது ஆயுள் தண்டனை."

"தண்டனை யாருக்குன்னு அந்தச் சால்வையைக் கேளுங்க," என்றாள் அவள். வருஷா வருஷம் அவள் சொல்லவேண்டிய வரி அது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

குடும்பத்துக்கு வந்து மூன்று மாதமே ஆன மருமகள் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். சமையலறையில் தட்டுகளைத் துடைக்கும்போது கேட்டாள்.

"நல்லா இருந்த சால்வையை எதுக்கு அத்தை சாயக்கடைக்குக் கொண்டு போனீங்க?"

"கறை."

"என்ன கறை?"

"மருந்துக் கறை. வெளுத்து, மறுபடி அதே மஞ்சள் ஏத்தணும்னு குடுத்தேன்."

"யாருக்கு மருந்து?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். "எங்க அம்மாவுக்கு. கடைசி ரெண்டு மாசமும் அதைத்தான் போத்திக்கிட்டுக் கெடந்தாங்க. தலைவருக்கு இருபது நாள் முன்னாடி போயிட்டாங்க."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அம்மா போனது தெரியும். சால்வை அவங்களோடதுன்னு தெரியாது."

மருமகள் ஈரக் கையோடு அவள் தோளைத் தொட்டாள். "சொல்லிருக்கலாமே அத்தை."

சொல்லியிருக்கலாம்தான். அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. விமானம் அளவு துக்கத்துக்கு நடுவே இருபது நாள் பழைய வீட்டுத் துக்கத்தை எடுத்து வைக்க அவளுக்கு என்னவோ கூச்சம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அந்த மனிதர் வாசலில் நின்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு சிரித்த சிரிப்பில், அம்மா போன வீட்டில் முதல்முறையாக ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பின்மேல் போய் எப்படிக் கல்லைப் போடுவாள்? ஒரு வருஷம் சொல்லாதது, பத்து வருஷம் ஆனபின் சொல்லவே முடியாததாகிவிட்டது.

கறுப்பை எடுக்க முடியாது என்றாலாவது மனசு அடங்கியிருக்கும். முடியும். அவள் கண்ணெதிரிலேயே எத்தனையோ கோட்டுகளுக்கு அவர் எடுத்திருக்கிறார். தொட்டியில் மருந்து கலந்த தண்ணீரில் துணி இறங்கும்; கறுப்பு புகையாகப் பிரிந்து மேலே வரும்; அடியிலிருந்து பழைய நிறம், தூக்கத்திலிருந்து கண் விழிக்கிற முகம்போல, மெல்லத் தெரியும். அப்போதெல்லாம் சால்வையின் கதை அவளுக்கு வாய் வரை வந்துவிடும். "துணி தாங்கினா உண்டு. கம்பளியா இருந்தா கந்தலாகவும் போகலாம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது," என்று அவர் வாடிக்கையாளரிடம் சொல்லும் அந்த வாக்கியத்தைக் கேட்டதும், அம்மாவின் சால்வையும் கம்பளி என்பதால், வந்தது கீழே இறங்கிவிடும்.

எல்லோரும் கண்ணயர்ந்த மத்தியானத்தில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து சால்வையை எடுத்தாள். ஓரத்து மடிப்பில் இரண்டு தையல் எப்போதோ அவள் பிரித்து வைத்தது. விரலால் விலக்கினால் உள்ளே நகக்கண் அகலத்துக்கு மஞ்சள். அம்மா இறுக்கித் தைத்த இடத்தில் மட்டும் சாயம் புகவில்லை. எலுமிச்சைக்கும் வைக்கோலுக்கும் நடுவான நிறம். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் அம்மாவின் மூச்சு ஏறி இறங்குவதுபோல் இருக்கும்.

கீழே கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தரையில் நீளமாக வெயில். விடுமுறை நாளிலும் கை சும்மா இராமல் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார் சாயக்கடைக்காரர்.

மேசையில் அவள் வைத்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கல்யாணத்தை முடிச்சு வச்சவர்! என் மாமியாரை விடப் பெரிய ஆள் வந்திருக்காரே. இதை இன்னுமா வச்சிருக்கே?"

"இது அவங்களோடதுதான்," என்றாள்.

"யாரோட?"

"உங்க மாமியாரோட. அம்மா கடைசியாப் போத்தியிருந்தது."

அவர் கையிலிருந்த துணி அண்டாவின் விளிம்பில் அப்படியே நின்றது. கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வந்து, பிரிந்திருந்த மடிப்பை ஒற்றை விரலால் விலக்கினார். உள்ளே இருந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்தார்.

"முப்பத்துநாலு வருஷம்," என்றார். "அதை வச்சு ஊரையே சிரிக்க வச்சேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நானும் சேர்ந்துதானே சிரிச்சேன். அது பொய்ச் சிரிப்பு இல்லைங்க."

டப்பாவில் கைவிட்டு ஒரு தகரவில்லையை எடுத்தாள். அன்றைக்குக் கோக்காமல் விட்டது. சால்வையின் ஓரத்தில் அதைக் கோத்து, வாடிக்கைக்காரி நிற்கிற பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"துணி கந்தலாப் போனாலும் உங்களைக் கேக்க மாட்டேன்," என்றாள். "இந்தக் கறுப்பை எடுத்துக் குடுங்க."