சொந்த பிரஷ்

“ரோலர எடுத்தா என்ன, கையா தேஞ்சுடும்?”

“நுரை விழும் அத்தான். கிளியர் வார்னிஷ்ல நுரை விழுந்தா காஞ்சப்புறம் கொப்புளமா நிக்கும்.”

“சரி, பன்றி முடி பிரஷ்? இருக்கறதுலயே விலை கூடினது அதுதான்.”

“இது தண்ணி வார்னிஷ். அந்த முடி தண்ணியக் குடிச்சுத் துவண்டுடும். கோடு கோடா விழும்.”

“கேட்டுக்கங்கப்பா, மகாராணி வகுப்பெடுக்கறாங்க!” என்று அவளுடைய அக்காவின் கணவர் பட்டறைக்குள் குரல் கொடுத்தார். கதவு இழைத்துக்கொண்டிருந்த தச்சர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான்.

அவளுக்குப் பட்டறையில் கண்ணாடி என்று பெயர். அவள் பூசிய மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். கணவன் விட்டுப்போன பிறகு மூன்று வருடமாக அக்கா வீட்டு நடையில்தான் படுக்கை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுகிறவர்கள் எல்லாரும் அவளை மிதித்துக்கொண்டுதான் போவார்கள். அத்தானுக்குக் கோபம் வந்தால் மிதி வேறு மாதிரி விழும்.

இன்று நான்கு மணிக்கு, மேசை செய்யக் கொடுத்திருந்த நூலகத்து அம்மா வருகிறார். இந்த நீள மேசையின் கடைசிப் பூச்சு அவருக்குப் பிடித்துவிட்டால், நூலகத்தின் மற்ற மேசைகளையும் அங்கேயே தங்கிப் பூச அவளை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாடியில் ஓர் அறை இருக்கிறதாம். உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று மட்டும் அவள் கேட்டாள். உண்டு என்றார். அன்றிலிருந்து அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் அவள் கனவில் வந்துகொண்டிருந்தது.

பையிலிருந்து தன் நைலான் பிரஷ்ஷை எடுத்தாள். இங்கே ஒருத்தர் பிரஷ்ஷை இன்னொருத்தர் தொட மாட்டார்கள். பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தொட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். இரவல் பிரஷ்ஷாக இருந்திருந்தால் முதலில் ஒரு துண்டுப் பலகையில் இழுத்துப் பார்த்திருப்பாள். இது அவளுடையது. தினமும் கழுவி, வீட்டுக்கு எடுத்துப்போய், தலைமாட்டில் ஆணியில் மாட்டுவாள்.

அதனால் நேராக மேசையில் இழுத்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான்கே இழுப்பு. மேசை ஈரமாக மினுங்கியது. பிறகு வார்னிஷ் வட்ட வட்டமாக விலகத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. மரம் முழுக்க மீன் கண்கள் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது.

பிரஷ்ஷை முகர்ந்தாள். இழுப்பறை வழுக்குவதற்கு அடிக்கிற எண்ணெய். அது துளி பட்டாலும் வார்னிஷ் ஒட்டாது.

தேநீர்த் தூக்கோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வீட்ல மாட்டியிருந்த பிரஷ், அக்கா,” என்றாள் கண்ணாடி மெதுவாக. “காலைல நடையப் பெருக்குற உன்னத் தவிர அதுகிட்ட யார் போவா?”

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள்.

“மூணு வருஷமா நான் அடி வாங்கலடி,” என்றாள், தச்சர்களுக்குக் கேட்காத குரலில். “நீ போயிட்டா அவர் கை எங்க போகும்? யோசிச்சியா நீ?”

வாசலில் நூலகத்து அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் முன்னால் ஓடி வரவேற்று, மேசையைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. எதிர்பாராமல் பரிசு விழுந்தவர் முகம் அது.

“பாருங்கம்மா, எங்க கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு!”

தச்சர்கள் சிரித்தார்கள். இந்த முறை நிஜமாகவே சிரித்தார்கள்.

நூலகத்து அம்மா குனிந்து பார்த்தார். “இது நீங்க பூசினதா?”

“ஆமாம்மா. ஆனா பிரஷ்ல எண்ணெய்...”

“கை கோணினா பிரஷ் மேல பழி,” என்றார் அத்தான். “அவ பிரஷ்ஷ அவ தவிர யாரும் தொட மாட்டாங்கம்மா. வேணும்னா எல்லாரையும் கேளுங்க.”

தச்சர்கள் தலையாட்டினார்கள். அது உண்மைதானே.

நூலகத்து அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் தோளில் ஏற்றினார்.

கண்ணாடி அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இவங்க போறதுக்குள்ள, எண்ணெய் அடிச்சது நீதான்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா.”