கரோலின் மறைத்த அப்பா

நெட்டுக்குப்பத்துக் கன்னியம்மாவுக்கு நகைச்சுவை நடிகர் வேதமாணிக்கத்தைக் கண்டாலே ஆகாது. அவள் புருஷன் கருணாகரன் அவருடைய இருபது வருஷ ரசிகன். டிவியில் அவர் வந்தால் தொடையைத் தட்டிச் சிரிப்பான். "இடுப்ப ஆட்டிகினு நடந்தா அது காமெடியாய்யா?" என்று கேட்டுவிட்டு இவள் மீன் கழுவப் போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கருணாகரன்தான் டிவி முன்னாலிருந்து கத்தினான். "எம்மே, வேதமாணிக்கத்தோட பொண்ணு பூட்ச்சாம்! தூக்கத்துலயே மாரடைப்பு. முப்பத்தோரு வயசுதானாம்."

"ஐயோ பாவம், பெத்தவங்க இன்னா பாடு படுவாங்க" என்றபடி ஈரக் கையோடு வந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் கரோலின்.

கரோலின் ஒரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த பெண். விடியற்காலையில் கருணாகரனின் படகில் ஏறி, எண்ணூர்க் கழிமுகத்தில் பறவைகளைப் படம் எடுப்பாள். திரும்பி வந்ததும் கன்னியம்மா வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லியும் நண்டுக் குழம்பும் தின்பாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "கம்பெனி வேலைக்கா. ஊர் ஊரா சுத்துவாரு" என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்கக் கன்னியம்மாவுக்குத் தோன்றவில்லை. டிவியில் வேதமாணிக்கம் வந்தால் மட்டும், "அக்கா, அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்க" என்பாள். கன்னியம்மா நடந்து காட்டி, நாலு வார்த்தை திட்டவும் செய்வாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிடும்.

"நான் எந்த மூஞ்ச வச்சிகினு போவேன்?" என்று கன்னியம்மா அழுதாள்.

"நம்ப பொண்ணப் பாக்கப் போறோம். அப்பனையா பாக்கப் போறோம்? கெளம்பு" என்றான் கருணாகரன்.

பஸ் டோல்கேட்டில் அரை மணி நேரம் நின்றது. ராயபுரத்தில் அவர்கள் இறங்கியபோது, வேதமாணிக்கத்தின் வீட்டுத் தெரு முழுக்கக் கூட்டம். வரிசையில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் கன்னியம்மா, "கண்ணு, இன்னா கண்ணு இது" என்று வாய்விட்டு அழுதாள்.

அந்தக் குரலைக் கேட்டு, காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த வேதமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"நெட்டுக்குப்பம் கன்னியம்மாதானே நீ?"

அவள் கைகூப்பினாள். "சார், தெரியாம பேசிட்டேன் சார்..."

"சனிக்கெழம சாயந்தரமானா போனத் தூக்கிகினு வந்துடுவா. 'டாடி, உன்ன இன்னிக்கு எப்டி திட்டிகீறாங்க பாரு'ன்னு நீ பேசுனத ரெக்கார்டு பண்ணி வந்து போட்டுக் காட்டுவா. ஒரு வாரம்கூட வுடமாட்டா. நீ சொன்னப்புறம்தான் அந்த இடுப்பாட்டற நடையவே மாத்துனேன். போன படத்துல பாத்தியா?"

கன்னியம்மா மூக்கைச் சிந்தினாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"பாத்தேன் சார். அதுவும் நல்லால்ல."

கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டான். வேதமாணிக்கம் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஃப்ளோரன்ஸும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒக்காரும்மா" என்று ஃப்ளோரன்ஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்க வூட்ல அவ இன்னாலாம் பண்ணுவா? எல்லாத்தையும் சொல்லு."

கன்னியம்மா சொன்னாள். இடுப்பளவு சேற்றில் விழுந்தும் கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. நீச்சல் தெரியும் என்று கருணாகரனிடம் புளுகிவிட்டு, தண்ணீர் தெறித்ததும் பயத்தில் அவன் சட்டையைப் பிடித்திழுத்துக் கிழித்தது. "பாவம்க்கா" என்று உயிர் நண்டு ஒன்றை ஆற்றில் விட்டுவிட்டு, அரை மணி கழித்துக் குழம்பில் நண்டு குறைகிறதே என்று கேட்டது. சுற்றி நின்றவர்கள் அழுதபடியே சிரித்தார்கள். கரோலின் நடுவில் உட்கார்ந்து தானும் கேட்பதுபோல இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஃப்ளோரன்ஸ் கேட்டாள்: "வர்ற சனிக்கெழம நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?"

"அஞ்சரைக்கே வந்துடணும். நேரமானா பறவ நிக்காது" என்றாள் கன்னியம்மா.

சனிக்கிழமை அவர்கள் ஐந்து மணிக்கே வந்து, தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, கருணாகரனின் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.