அரைக் கிலோ மண்

அருணாசலவடிவு கொல்லைப்புறத்தில் குத்தவைத்து, உடைந்த அம்மிக்கல்லில் ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வேலை விட்டு வர இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும் ரோட்டுப் பக்கம் பஸ் சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடும். பொடி நைசாக வர வேண்டும், மண்ணோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த மண், அவளுடைய நிலத்து மண், அரைக் கிலோ, பக்கத்தில் ஒரு துணிப்பையில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

கறிவேப்பிலை கேட்டு வந்த அடுத்த வீட்டு இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா வடிவு, இது என்ன புது மசாலாவா இருக்கு?"

"உங்க ஆடு போட்டதுதான் மைனி."

"யாருக்குளா குழம்பு?"

"கவர்மெண்டுக்கு."

இசக்கியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம்தானே. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், "நல்லா அரைச்சுப் போடு, அவுகளும் ருசி பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை மறந்து போனாள்.

ஊருக்குக் கிழக்கே ரெண்டு ஏக்கர் கரிசல். கல்யாணத்தின்போது வடிவுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. மழையை நம்பி மிளகாயும் மல்லியும் போடுவாள். ஒரு வருஷம் வாசல் முழுக்கச் சிவப்பாக வத்தல் காயும், தெருவில் போகிறவர்கள் தும்மிக்கொண்டே போவார்கள். அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டால், போட்ட விதையும் மண்ணுக்குள்ளேயே போய்விடும். ஆனால் அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. காலையில் கஞ்சித் தூக்குடன் அந்த வரப்பில் ஏறி நின்றால் போதும், யாரும் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். யாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டாம்.

புருஷன் செந்தூர்பாண்டிக்குத் தூத்துக்குடியில் உப்புக் குடோனில் வேலை. மூட்டையை எடை பார்த்து அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே குடோன், அதே தராசு. சாயங்காலம் வீடு வரும்போது புருவத்தில்கூட வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். புதுத் துறைமுகம் திறந்ததிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் லாரி ஓயவில்லை. அந்த ரோட்டில், தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாகக் கிடந்தது. நிலத்தை விற்றுவிட்டு அந்தக் கடையை எடுத்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. "நின்னு நின்னு காலு மரத்துப் போவுது வடிவு. சாவதுக்குள்ள ஒரு நாளாவது உக்காந்து வேலை பாக்கணும்" என்பான். ராத்திரி அவன் காலை அமுக்கிவிடுகிறவளே அவள்தான். அவன் ஆசை நியாயமில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருந்தால் சண்டை சுலபமாக முடிந்திருக்கும்.

தை மாசம் தொடங்கிய பேச்சு பங்குனி வரை ஓடியது. அப்போதுதான் விவசாய ஆபீஸ் கிராமசேவக் ஞானையா சைக்கிளில் வந்து, மண் பரிசோதனை வண்டி பாஞ்சாலங்குறிச்சிக்கு வரப்போகிறது, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பது மாதிரி மண்ணையும் பார்த்துச் சொல்வார்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். செந்தூர்பாண்டி வாசற்படியில் நின்று கேட்டான். உள்ளே திரும்பி, "சரி, கவர்மெண்டே சொல்லட்டும். நல்ல மண்ணுன்னு வந்தா வச்சுக்கிடுவோம். சீவன் இல்லாத மண்ணுன்னு வந்தா வித்துருவோம். அதுக்கப்புறம் நீயும் பேசப்படாது, நானும் பேசமாட்டேன்" என்றான். வடிவு தலையை ஆட்டினாள். அன்றைக்கு ரெண்டு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஞானையா சொன்னபடிதான் மண் எடுத்தாள். மேலே கிடந்த சருகை ஒதுக்கி, ஏர் இறங்குகிற ஆழத்துக்கு வெட்டி, நிலத்தில் கோணல்மாணலாக நடந்து அங்கங்கே ஒரு கை எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோவாக்கினாள். தென்கிழக்கு மூலைக்கு மட்டும் போகவில்லை. அங்கே கோடையில் மண் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும், புல்லுகூட முளைக்காது. பை நிறைந்த பிறகும் மனசு கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போடுவதில்லையா? அதைப் போய் யாராவது பொய் என்பார்களா? அப்படி நினைத்துத்தான் உடைந்த அம்மியைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் விடிகாலையில், வேலைக்குப் போகிற வழியில் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று செந்தூர்பாண்டி பையை வாங்கிக்கொண்டான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, நேரில் வரச்சொல்லி வண்டியிலிருந்து ஆள் வந்தது. ரெண்டு பேரும் போனார்கள். கோட்டைக்கு எதிரே வேம்பு நிழலில் வண்டி நின்றது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள், சின்னத் தராசு, முள் ஆடுகிற ஒரு பெட்டி. வெளியே மேஜை போட்டு, மண் பார்த்துச் சொல்கிற நாசரேத்துக்காரப் பெண் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, இறுக்கிப் பின்னின ஒற்றைச் சடை. சுற்றிலும் துண்டு போட்ட ஆம்பிளைகள், பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு கேட்க நிற்பதுபோல நின்றார்கள்.

"அண்ணாச்சி, இந்த மண்ணு உங்களுதா? நிலம் எங்கன இருக்கு?"

"ஊருக்குக் கிழக்க, டீச்சர்" என்றாள் வடிவு.

"கிழக்கன்னா கீழவைப்பார் கடற்கரையத் தாண்டியா? உப்பு பாக்குற மீட்டர்ல முள்ளு கடைசி வரைக்கும் போயி முட்டிக்கிட்டு நிக்குது. இவ்வளவு உப்புல எருக்கஞ்செடிகூட முளைக்காது. சரி, செத்த நிலம்னு எழுதிருவோம்னு பாத்தா, மக்குன எருச் சத்து எங்கயும் இல்லாத அளவுக்கு இருக்கு. இப்பிடி ஒரு மண்ண நான் பாத்ததே இல்ல. கடலுக்குள்ள ஆட்டுக்கிடை போட்டியளா அக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆட்டுக்கிடை என்றதும் வடிவுக்குக் கழுத்து வரை சூடேறியது. ஆனால் உப்பு? உப்பு எப்படி வந்தது? மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டியின் டயரை, வாங்கப் போகிறவன் மாதிரி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஆடு என்ற சொல்லுக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தவனாக அவள் பக்கம் திரும்பினான்.

கிளாடிஸ் ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"நான் இத எழுதல. வண்டி வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான் நிக்கும். வேற மண்ணு கொண்டு வாங்க." சற்று நிறுத்தி, "ரெண்டு பேரும் சேந்து எடுங்க" என்றாள்.

வெயிலில் நடந்து திரும்பினார்கள். கண்மாய்க்கரையில் ஏறினார்கள்.

"எத்தன கை போட்டிய?" என்றாள் வடிவு.

"ஒண்ணுதான்."

"நம்ம வீட்டு உப்பா?"

"பின்ன, கடையிலயா வாங்கிப் போடுவாக?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டான். "நீ எத்தனளா?"

"ரெண்டு."

அவன் நின்றுவிட்டான். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. அவளும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதிரே மாட்டுவண்டியில் வந்தவர் இவர்களைப் பார்த்து வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போனார்.

மறுநாள் காலை வேலைக்கு நேரம் கழித்து, பத்து மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, செந்தூர்பாண்டி மண்வெட்டியோடு நிலத்தில் இறங்கினான். அவன் அங்கே கால் வைத்து வருஷக்கணக்கு இருக்கும். அவள் காட்டிய இடத்திலெல்லாம் வெட்டினான். நடு நிலத்தில் ஒரு குழி வெட்டி, கையை உள்ளே விட்டவன் அப்படியே இருந்தான்.

"இந்த வெயில்லயும் உள்ள குளுந்து கெடக்குளா."

"அது எப்பவும் அப்பிடித்தான்" என்றாள் அவள், தன் பிள்ளையை யாரோ மெச்சியதுபோல.

போதும் என்று அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்தபோது வடிவு நகரவில்லை. பிறகு தென்கிழக்கு மூலைக்கு அவளே முன்னால் நடந்தாள்.

"இங்கனயும் ஒரு கை எடுங்க."

அவன் அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மண்வெட்டியை இறக்கி வெட்டினான்.

வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் பழைய பேப்பரை விரித்து மண்ணைக் கொட்டி, கட்டி உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, வட்டமாகப் பரப்பினார்கள். ஞானையா சொன்ன மாதிரி விரலால் நாலாகக் கோடு கிழித்து, எதிரெதிரே இருந்த ரெண்டு பங்கை அவன் அள்ளி வெளியே போட்டான், மீதியை அவள் கலந்து மறுபடியும் பரப்பினாள். இப்படிக் குறைத்துக் குறைத்து அரைக் கிலோவுக்கு வந்தது. இனி நிழலில் காய வேண்டும்.

"நல்லதுன்னு வந்தா கடைய மறந்துற வேண்டியதுதான்" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை.

"கெட்டதுன்னு வந்தா கடையில நானும் உக்காருவேன். வீட்டுக்குள்ள உக்கார மாட்டேன்."

"நீ உக்காந்தா நான் திரும்ப நிக்கணும்ளா."

வடிவு சிரித்துக்கொண்டே கோழிகளை விரட்டப் போனாள். கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. வேம்பின் பழுத்த இலை ஒன்று சுழன்று வந்து மண்ணில் விழுந்தது. அவன் அதை எடுத்துப் போட்டான். பேப்பரின் ஓரம் படபடத்தது, மேலாக இருந்த மெல்லிய தூள் நகர்ந்தது. ரோட்டில் பத்து மணி பஸ் ஹாரன் அடித்தது. செந்தூர்பாண்டி எழுந்து, சட்டையை எடுக்கப் போகிறவன்போல ரெண்டடி வைத்தான். பிறகு சுற்றி வந்து, காற்று வருகிற பக்கமாக முதுகைக் காட்டி, மண்ணை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பஸ் நின்று, புறப்பட்டு, போகிற சத்தம் கேட்டது. அவன் சட்டையில்லாத முதுகில் காற்று வந்து மோதிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் அந்தக் கருப்பு மண் அசையாமல் காய்ந்துகொண்டிருந்தது.