கத்தரிப் பாத்தியும் முதல் கையெழுத்தும்

'தானே' புயலில் விழுந்த வேப்பமரத்தை வெட்டி அகற்றி, குப்பைமேடாகக் கிடந்த எங்கள் தெருச் சங்கத்து மனையைக் கொத்திக் கத்தரிச்செடி வைத்தவள் நான். அப்போது முதுநகரில் ஒரு பயலும் மண்வெட்டியைத் தொட வரவில்லை. செடி காய்த்ததும் எல்லோருக்கும் தோட்ட ஆசை வந்துவிட்டது. பாத்தி ஒதுக்கும் விதிகளைத் திருத்தக் கூட்டம் போட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். செயலாளர் தேவநாதன் மினிட் நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தை நீட்டினார். எங்கள் சங்கத்தில் எப்போதும் கையெழுத்து முன்னால், தீர்மானம் பின்னால். வந்ததற்கு அடையாளம்தானே என்று பக்கத்தின் அடியில் 'தாட்சாயிணி' என்று அழகாகப் போட்டேன். கேசரி சாப்பிட்டோம், கலைந்தோம்.

நேற்று தேவநாதனின் மச்சான் என் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தான். பூவும் பிஞ்சுமாகச் செடிகள் வரப்பில் கிடந்தன. நான் போட்ட சத்தத்தில் தேவநாதன் நோட்டோடு வந்தார்.

"இனிமே சொந்த வூடு இருக்கறவங்களுக்குத்தான் பாத்தி, அக்கா. வாடகைக்கு இருக்கறவங்களுக்குக் கெடையாது. புது ரூல்."

தெருவில் வாடகைக்கு இருப்பவள் நான் ஒருத்திதான்.

"யாருய்யா போட்டது இந்த ரூல? நானும் அங்கதான குந்தியிருந்தேன்? யாரும் வாயத் தொறக்கலியே!"

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து காட்டினார். கையெழுத்துகளுக்கு மேலே தீர்மானம் நிறைந்திருந்தது. ஏகமனதாம். முதலில் கையெழுத்துப் போட்டவர்தான் கொண்டுவந்தவர் என்று எழுதுவது வழக்கமாம்.

என் அழகான கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: முன்மொழிந்தவர்.