டீச்சருக்குக் கேட்கும்படி நாலு வரி

1

இது என்னிடம் கதையாக வரவில்லை. இன்று காலை பத்தரை மணிக்கு, எங்கள் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை சரிபார்க்க வரும் மெக்கானிக் ஐந்தாவது மாடியில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டார்.

"அக்கா, ஒரு நாலு வரி எழுதித் தர முடியுமா? சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி."

மூன்றரைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாலு வரி வரவில்லை. அது வராத எரிச்சலில் எழுதிக்கொண்டிருப்பதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

விஷயம் இதுதான். அவர் மனைவி கணக்கு டீச்சர். மூளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். எழுந்திருக்கலாம், எழாமலும் போகலாம், எழுந்தாலும் ஆள் தெரியாமல் போகலாம் என்று டாக்டர் மூன்று விரலை மடக்கிச் சொல்லியிருக்கிறார். டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை என்றுமே இருந்ததில்லை. நேற்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கணவரைக் கேட்டிருக்கிறாள். கணவருக்கு நம்பிக்கை போய் நாலு வருஷமாகிறது. அதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை.

நான் எழுதும் நாவலாக இருந்தால் இதை நூற்றைம்பதாவது பக்கம் வரை மறைத்து வைத்திருக்க வேண்டும். எனக்கு நேரமில்லை.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்: "இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்தான் அவர்கள் காதல்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர்கள் லிஃப்டில் சந்திக்கவில்லை. அவளுடைய பெரியப்பா பார்த்து வைத்த சம்பந்தம். கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள் என்று பெரியவர்கள் மாடிக்கு அனுப்பியபோது அவள்தான் முதலில் வாயைத் திறந்தாளாம். தனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, பின்னால் ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் வந்து நிற்கக் கூடாது என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, தனக்கு உண்டு, காலையில் ஐந்து நிமிஷம் விட்டுக்கொடுத்தால் போதும் என்றாராம். வேறு எந்தப் பேரமும் நடக்கவில்லை.

அந்த ஐந்து நிமிஷம் இருபத்தோரு வருஷமாக நடந்தது. வேலை உடுப்பைப் போட்டுக்கொண்ட பிறகு, ஷூவை மாட்டுவதற்கு முன்னால், சமையலறை ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அவள் ரேடியோவை அணைத்துவிட்டு, டீயோடு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். அவர் திரும்பினதும் ஒரு கேள்வி வரும்.

"என்ன சொன்னாரு உங்காளு?"

"உன்னைப் பத்திதான் விசாரிச்சாரு."

"நல்லதா நாலு வார்த்தை சொன்னியா?"

"அங்க போய்ப் பொய் சொல்லக் கூடாதுல்ல டீச்சர்."

(எந்தச் சாமி என்று நான் எழுதவில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அவர் பக்கமும் மீதிப் பேர் எதிர்ப்பக்கமும் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஒருவருக்கு நம்பிக்கை போக வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது என் தொழில் பழக்கம். ஆகவே எழுதினேன்: "அவர்களுடைய ஒரே குழந்தை காய்ச்சலில்"

(இதையும் முடிக்கவில்லை. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. அதில் யார்மேலும் வருத்தமில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையைப் பிறக்கவைத்துச் சாகடிக்க இருந்தேன்.)

நான் விடாமல் கேட்டபோது அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "பல்பு ஃபியூஸ் போற மாதிரி இல்லக்கா. வெயில் காலம் முடியற மாதிரி. எந்த நாள்ல முடிஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?"

லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மெக்கானிக்குக்கு இரண்டு வேலை. ஒன்று மேலே மோட்டார் அறையில். இன்னொன்று மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரைப் பேச வைப்பது. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் மயங்கி விழுவதில்லை. அப்படிப் பேச வைத்ததில் ஊரில் இருக்கிற எல்லாருடைய கடவுளையும் அவர் கதவிடுக்கு வழியாகக் கேட்டிருக்கிறார். தான் நம்பாதவன் என்றும், இருந்தால் வரட்டுமே என்று கூப்பிட்டுப் பார்ப்பதாகவும் ஒரு வங்கி அதிகாரி சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், நம்பிக்கை தீர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் மிச்சம் என்றார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, தன்னைப் பத்து நிமிஷம் சும்மா உட்காரவைக்கத்தான் கடவுள் லிஃப்டை நிறுத்தியிருக்கிறார், அவசரப்படாமல் திறங்கள் என்றாள்.

அவர்கள் எல்லாருக்கும் மெக்கானிக் வெளியிலிருந்து சொல்லும் ஒரே பதில், கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது. ஒருநாள் தன் வாயிலிருந்து வருவதைத் தானே கவனித்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து அப்படி மாற்றிச் சொல்கிறோம் என்பது நினைவில்லை. மறுநாள் காலை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றபோது சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்குப் போக வேண்டிய கட்டடங்களை மனசுக்குள் வரிசைப்படுத்திவிட்டுத் திரும்பினார். உங்காளு என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். வழக்கமான பதிலைச் சொன்னார்.

அன்றே சொல்லியிருக்கலாம். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வேறொரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் ஒருத்தர் வேண்டிக்கொள்கிறார் என்ற தைரியத்தில்தான் இவள் வேண்டிக்கொள்ளாமல் இருக்கிறாளோ? இரண்டு பேரும் கையை விட்டுவிட்டால் வீடு என்னவாகும்? தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக இப்படிப் பயப்படுவது சிரிப்பாக இருக்கிறது என்று அவரே சொன்னார். சிரிக்கவில்லை.

4

நேற்று சாயங்காலம். ஆறு கட்டில்கள் உள்ள வார்டு. அவளுடையது சுவரோரம். தலையை மழித்திருந்தார்கள்.

"சிலேட்டு மாதிரி இருக்கு பாரு. யாராவது வந்து கணக்குப் போட்டுப் பார்த்துடப் போறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே வேறு ஒன்றும் வந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"மெக்கானிக்கு."

"ம்."

"எனக்காக வேண்டிக்குவியா?"

வேண்டிக்கொள்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். ரொம்பவே உடனே.

"மனசுக்குள்ள வேணாம். சத்தமா. அந்த ஜன்னல்கிட்ட நின்னு என்னத்தைச் சொல்றியோ, ஒரு தடவை கேட்டுடறேனே."

"உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே."

"இப்பவும் இல்ல. பயந்துபோய்க் கட்சி மாறிட்டேன்னு நினைக்காத. ஆனா நாளன்னைக்குக் காலையில கண்ணை மூடச் சொல்லுவாங்க. மூடறப்போ, எனக்காக யாரோ யார்கிட்டயோ பேசின சத்தம் காதுல இருக்கணும். எனக்கு அந்தப் பக்கம் ஆள் கிடையாது. உனக்கு இருக்குல்ல?"

அவர் பழத்தின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு, வேலை உடுப்பில் இருக்கிறேன், கையெல்லாம் கிரீஸ், இப்படி நின்று வேண்டிக்கொள்ள முடியாது, நாளைச் சாயங்காலம் குளித்துவிட்டு வருகிறேன் என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"சரி. குளிச்சிட்டு வா." *

* இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன், திரும்பிப் பாருங்கள். இருபத்தோரு வருஷமும் அவர் அந்த ஜன்னல் பக்கம் நின்றது வேலை உடுப்பில்தான். நேற்று அவர் சொன்ன சாக்கு, கட்டிய பெண்டாட்டியிடம் செல்லாத சாக்கு. அவள் கணக்கு டீச்சர் வேறு. நடுவில் ஒரு படி தப்பினால் அவள் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். இதைக் காலையில் என்னிடம் சொன்னபோதும் அவர் கவனிக்கவில்லை. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்வதா?

5

மணி ஒன்று ஐம்பது. வரைவுகள்.

முதல் வரைவு: "அனைத்தையும் காக்கும் பெருங்கருணையே, என் இல்லத்தின் விளக்கை அணைத்துவிடாதே."

இது தேறாது. நான் யாருடைய ட்யூப்லைட்டு என்று அந்தப் பெண் படுத்தபடியே கேட்பாள். தவிர, ஒரு சங்கடம். அவள் என் பதினோரு நாவலையும் படித்திருக்கிறாள். கேலி செய்வதற்காகவே படித்திருக்கிறாள். எப்படிக் கூட்டினாலும் கடைசிப் பக்கத்தில் ஒரே விடைதான் வருகிறது, இந்தம்மா பின்பக்கத்து விடையைப் பார்த்து எழுதுகிறவர் என்பாளாம். முதல் வரியிலேயே என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாம் வரைவு: "நாலு வருஷமாக உன் முன்னால் சும்மா நின்றேன். என்மேல் இருக்கும் கோபத்தை அவள்மேல் காட்டாதே."

எழுதியதும் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் கோபித்துக்கொள்ள ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் இதைச் சொல்ல முடியும். மெக்கானிக்குக்கு அந்த வசதியும் இல்லை.

மூன்றாம் வரைவு: "இவள் காலை ஐந்தே முக்காலுக்கு எழுவாள். சிவப்புப் பேனாவால் நோட்டுத் திருத்துவாள். தப்பான விடைக்கும் படிகள் சரியாக இருந்தால் பாதி மார்க் போடுவாள். இவளை எழுப்பு."

இதையே நல்ல தாளில் எழுதி வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

6

மூன்று இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. தலை ஈரமாக இருந்தது. உள்ளே வராமல், வாசலில் நின்றபடியே தாளை இரண்டு தடவை படித்தார்.

"சிவப்பு இல்லக்கா, பச்சை. சிவப்புல போட்டா பிள்ளைங்க பயப்படும்னு பச்சைதான் வாங்குவா."

திருத்திக் கொடுத்தேன். அப்புறம்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"நீங்க எப்பவும் யூனிஃபார்ம்லதானே நின்னு கும்பிடுவீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. செருப்பு வைக்கிற பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை கசங்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றுகிறது.

"அப்ப தெரிஞ்சேதான் குளிச்சிட்டு வான்னாளா?"

"தெரியலையே தம்பி."

"தெரிஞ்சிருந்தா எதுக்குக் கேக்கணும்?"

அவளுக்கு நேற்றுத்தான் தெரிந்ததா, நாலு வருஷமாகவே தெரியுமா, டீ குடித்துக்கொண்டே அவர் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளா, இல்லை, இப்போதும் ஒன்றும் தெரியாமல் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வரட்டும் என்றுதான் சொன்னாளா. அவள் மனசுக்குள் ஒரு பத்தி எழுதினால் இது தீர்ந்துவிடும். எழுத மாட்டேன். அவருக்குக் கிடைக்காத வசதி எனக்கு எதற்கு?

பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, நான் கும்பிடுகிறவளா என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து கும்பிடுவதில்லை. ஆனால் தினமும் கோபம் வருகிறது. இல்லாத ஒருத்தர்மேல் இவ்வளவு கோபம் வராது என்று தோன்றுகிறது. என் நம்பிக்கை அவ்வளவுதான், அதற்கு மேல் சரக்கு இல்லை என்றேன்.

"அதுவாவது இருக்கே அக்கா. எனக்குக் கோபமும் வர மாட்டேங்குது."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படிப்பீர்களா, இல்லை உண்மையைச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"பொய்யைச் சொன்னா அந்தப் பொய்யோட கண்ணை மூடுவா. உண்மையைச் சொன்னா, அந்தப் பக்கம் யாருமே இல்லன்னு மூடுவா." எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எதைச் சொன்னாலும் மறுபடி மாத்திச் சொல்றதுக்கு நாளன்னைக்கு அவ இருக்கணுமேக்கா."

7

அவர் போய் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு.

எனக்குப் பழக்கமான முடிவு ஒன்று இருக்கிறது. அவர் படிக்கத் தொடங்குவார், மூன்றாவது வரியில் தொலைந்துபோன நம்பிக்கை திரும்பி வரும், அவள் கண்ணில் நீர், காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். இரண்டு நிமிஷத்தில் எழுதிவிடுவேன். டீச்சர் பாதி மார்க்கூடப் போட மாட்டாள். நடுவில் படிகளே இல்லை.

இன்னொரு முடிவில் அவர் உண்மையைச் சொல்கிறார். அவள், எனக்குத் தெரியும் என்கிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒருவேளை அவளுக்குத் தெரியாமல் இருந்தால்? அந்த முகத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது முடிவை எழுத ஆரம்பித்தேன்: "காலை பத்து மணிக்கு ஆபரேஷன் அறைக் கதவு"

இல்லை.

இப்போது மணி ஐந்து ஆகப் பத்து நிமிஷம். நான் எழுதாதவரை அவர் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். அங்கே காலணியைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லும் நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அவரை உள்ளே தள்ள என்னால் முடியவில்லை. ஆகவே அவர் இடத்தில் நீங்கள் போங்கள். நம்புகிறவரானாலும் சரி, நம்பாதவரானாலும் சரி. இரண்டுக்கும் அங்கே ஒரே ஸ்டூல்தான் போட்டிருக்கிறார்கள். சட்டைப் பையில் தாள் இருக்கிறது. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். பக்கத்துக் கட்டில்காரி மரியாதைக்காகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

டீச்சர் உங்கள் ஈரத் தலையைப் பார்க்கிறாள். சட்டைக் கசங்கலைப் பார்க்கிறாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறாள்.

"ம். ஆரம்பி."