எந்த அடுப்பு எரியக்கூடாது

அம்மாவாசி இழுத்த வேகத்தில் மரச்சட்டம் கிறீச்சிட்டதே தவிர இழுப்பறை வரவில்லை. வீட்டு வாசலில் கிடந்த கூண்டு வண்டிக்குள் குனிந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி இழுத்தார். பக்கத்தில் பலகைப் படுக்கையில் அவருடைய அண்ணன் சுருளியாண்டி, விடியற்காலையில் தூங்கின மேனிக்கே செத்துக் கிடந்தார். முகத்தில் ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்ட களை.

"அந்தக் கொண்டியத் திருப்பணும், கொழுந்தனாரே. மாடு இழுத்தாப்பல இழுத்தா வராது," என்று கீழே நின்ற இருளம்மாள் சொன்னாள். புருஷனுக்கு அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் சொல்லத்தான் செய்தாள்.

கொண்டியைத் திருப்பினார். இழுப்பறை சர்ரென்று வந்து முழங்காலில் இடித்தது. உள்ளே சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், டப்பாவில் உப்பு, துணியில் முடிந்த கருப்பட்டி.

"பொணத்த இறக்கலாம்னு வந்தா பலசரக்குக் கடையில்ல தொறக்குது," என்றான் கருத்தக்கண்ணன். இருளம்மாளின் தம்பி. மச்சானுக்கு நெஞ்சு வலி என்று கேள்விப்பட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடும் பத்துப் பன்னிரண்டு சொந்தக்காரர்களோடும் முந்தின நாளே வருசநாட்டிலிருந்து வந்திருந்தான்.

இரண்டு பக்கமும் இழுப்பறைகள். பின்னால் அடுப்பு மேடை. நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம். தூக்க வந்த ஆட்கள் உள்ளே நுழைய முடியாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"ஏலே, கடப்பாரைய எடு," என்றார் அம்மாவாசி. "எல்லாத்தையும் நெம்பிப் போட்ருவோம். இன்னைக்கு இல்லாட்டியும் பதினாறு கழிஞ்சு பிரிக்கத்தான போறோம்."

இருளம்மாள் வந்து பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆணியப் பிடுங்குனாலும் நானும் இங்கனயே விழுந்துருவேன். மக வர்ற வரைக்கும் அவுக அவுக வீட்டுலயே இருக்கட்டும்."

"வீடா? இது வண்டி, மதினி."

"ஒங்களுக்கு."

மழை வலுத்ததால் பேச்சு அதோடு நின்றது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். வீடு மூன்று இடத்தில் ஒழுகியது. வண்டிக் கூண்டு ஒரு சொட்டு ஒழுகவில்லை. செத்தவர் காய்ந்து கிடக்க, இருந்தவர்கள் சட்டியும் பானையும் வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது பொது வண்டி. அப்பன் செத்தபோது அண்ணனும் தம்பியும் நாலு பேர் முன்னால் பேசிக்கொண்டது ஒன்றுதான். ஏர், கமலை, மாடு, வண்டி, அப்பன் கட்டின வீடு எல்லாம் பொது. இனிமேல் யார் வீடு கட்டினாலும் கட்டினவனுக்கே அது சொந்தம். இரண்டு பேரும் புது வீடு கட்டவில்லை. அப்படித்தான் அம்மாவாசி நினைத்திருந்தார்.

அறுபது தாண்டின பிறகு சுருளியாண்டிக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, மலை எஸ்டேட்டிலிருந்து கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளை வாங்கி வந்து வண்டிக்குள் தட்ட ஆரம்பித்தார். ஆசாரியைக் கூப்பிடவில்லை. படுக்கைக்கு அடியில் இழுப்பறைகள். பின்பலகைக்குக் கீல் வைத்து, இறக்கினால் மேடையாகிவிடும்படி செய்தார். மேடைக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உள்ளே களிமண் பூசின அடுப்பு. பலகை கருகாமல் இருக்க அடுப்புக்கு அடியில் மணல் நிரப்பின தட்டு. எல்லாம் முடிந்ததும் இருளம்மாளை ஏற்றிக்கொண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனார். சுருளி அருவிக்குப் போனார். குமுளிக்குப் போனார். விற்க ஒன்றும் கொண்டுபோகவில்லை. வாங்கியும் வரவில்லை. மரத்தடியில் நிறுத்தி, சமைத்துத் தின்று, படுத்து எழுந்து வந்தார்.

இதைத்தான் அம்மாவாசியால் பொறுக்க முடியவில்லை. காரியமில்லாமல் ஒரு மனுஷன் போவானா? அண்ணன் எங்கேயோ ரகசியமாக நிலம் பார்க்கிறார் என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டார். பிறகு புதையல் என்று சந்தேகப்பட்டார். ஒருமுறை பின்னாலேயே நடந்துபோய், வீரபாண்டி ஆற்றங்கரையில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். இருளம்மாள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதை நம்பாமலே அம்மாவாசி திரும்பி நடந்தார்.

பருத்தி எடுக்கிற காலத்தில் வாடகை வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் அண்ணன் தம்பிக்குள் ஒரே பேச்சுத்தான்.

"அதப் பிரிச்சுப் போட்டுட்டு வண்டியக் குடு."

"குடியிருக்குற வீட்டப் பிரிக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?"

"சக்கரம் வச்ச வீடு எங்கன இருக்கு?"

"இங்கன இருக்கு. கண்ணு தெரியலயா ஒனக்கு?"

ஊரே அம்மாவாசி பக்கம்தான். ஆனால் அண்ணன் வண்டியைக் கொடுக்கவில்லை. இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லை. இருளம்மாள் ஒருத்திதான்.

உச்சிப் பொழுதானது. அவர்களுடைய தோட்டத்து வீடு ஓடைப்பட்டி ஊரை விட்டுத் தள்ளி, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஓடையில் செம்மண் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. ஊரார் சோறு பொங்கி, அண்டாவைத் தூக்கிக்கொண்டு அக்கரை வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கிருந்து கை ஆட்டினார்கள்.

"சோறு இருக்கு! தண்ணி வடியட்டும்!"

"ஆவி பறக்குறது தெரியுது," என்றான் கருத்தக்கண்ணன். "இப்படியே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கும் சேத்து ஒரு பாடை கட்டிருங்க."

ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் பஞ்சம்மாள் இன்னும் வரவில்லை. உலகச் சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ் சின்னமனூர் வரைக்கும் வந்து சேர்வதே பெரிய பாடு. நடுவழியில் நின்றால் கரி போட்டு ஊதி ஊதித்தான் கிளப்புவார்கள். அவள் வராமல் எடுக்க முடியாது. ஒழுகாத மூலையாகப் பார்த்துச் சனம் ஒடுங்கி உட்கார்ந்தது. சும்மா இருக்க முடியாமல் கருத்தக்கண்ணன் ஆரம்பித்தான்.

"மச்சானோட நானும் ஒரு தடவ குமுளிக்குப் போனேன். அப்ப இழுப்புக எல்லாம் பின்னாடி பாத்து இருந்துச்சு. கொண்டியும் கெடையாது. மலையில வண்டி ஏறுது. ஒண்ணொண்ணா தன்னால தெறக்குது. வெங்காயம் உருளுது, உருளக்கிழங்கு உருளுது, கரண்டி போகுது. பின்னாடி ஏறி வந்த பஸ்ஸுக்காரன் நிறுத்திட்டான். உள்ள இருந்த ஆளுக பூரா எறங்கிப் பொறுக்குறாக. மச்சான் வண்டிக்குள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா? 'பாரு, நம்ம வீட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்குது'ன்னாக."

சாவு வீடு என்பதை மறந்து சனம் சிரித்தது. இருளம்மாளும் சிரித்தாள். சிரித்த மூச்சிலேயே அழுதாள்.

அந்தச் சத்தத்தில் கருத்தக்கண்ணனின் சின்ன மகள் விழித்துக்கொண்டு பசி என்று வீறிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்தன.

"பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கஞ்சி காச்சலாம்ல," என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

ஜக்கம்மா நிமிர்ந்தாள். செத்தவருக்கும் அம்மாவாசிக்கும் பெரியப்பா மகள், இருவருக்கும் மூத்தவள். நல்லது கெட்டதில் அவள் சொல்வதை மீற ஆளில்லை.

"சாவு விழுந்த வீட்டுல பொணம் எடுக்குற வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது. பிள்ளைக்கின்னு தனிச் சட்டமா?"

"அப்ப வண்டி அடுப்பப் பத்த வைப்போம். அதுதான் வீடில்லையே."

"செத்தவன் தலமாட்டுல ரசம் வைப்பியா? மடப்பயலே!"

கருத்தக்கண்ணன் அடங்கினான். அப்போதுதான் இருளம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கொழுந்தனாரே. சாவு எங்கன விழுந்துச்சு?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லுங்க. இந்த வீட்டுக்குள்ளயா விழுந்துச்சு?"

ஜக்கம்மா தாடையைத் தடவி யோசித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அவ கேக்குறது சரிதான். நெஞ்சு வலிக்குதுன்னப்பகூட அவன் இந்தப் படி ஏறல. அங்கனதான் படுத்தான், அங்கனதான் போனான். அது வீடுன்னா சாவு விழுந்த வீடு அது. இந்த அடுப்புக்குத் தடையில்ல. அது வெறும் வண்டின்னா, வாசல்ல கெடந்து செத்தது இந்த வீட்டுச் சாவு. பிள்ளைக பட்டினி கெடக்க வேண்டியதுதான். தம்பி, நீதான் கொள்ளி வைக்கப் போறவன். நீ சொல்லு. அது வீடா, வண்டியா?"

அம்மாவாசிக்குச் சுருக்கென்றது. வீடு என்று வாயால் சொன்னால் அது கட்டினவனுக்கு. அவனுக்குப் பிறகு அவன் பெண்டாட்டிக்கு. பருத்தி மூட்டைக்கு ஆயுசு முழுக்க வாடகை வண்டி. இருளம்மாளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அண்ணன் மேலேயே சந்தேகம் வந்தது. வேண்டுமென்றேதான் அதற்குள் போய்ச் செத்தாரோ?

"மாட்டுக் கொட்டத்துல கல்லு கூட்டி..."

"அங்கன முழங்காலுக்குச் சேறு," என்றான் கருத்தக்கண்ணன்.

"கூட்டுனாலும் அது இந்த வீட்டு அடுப்புத்தான்," என்றாள் ஜக்கம்மா.

அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சின்னப் பிள்ளை, திறந்த வாயை மூடாமல் அவரையே பார்த்தது. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அம்மாவாசி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வண்டிக்குப் போனார். உள்ளே ஏறி அண்ணன் பக்கத்தில் குந்தினார். கூண்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பலகையின் இணைப்புகளில் நகத்தை விட்டுப் பார்த்தார். ஒரு சந்து இல்லை. படுக்கையின் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து உட்கார்ந்து பலகை வழவழப்பாகியிருந்தது. கொஞ்ச நேரம் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தில் அதே களை.

"சிரிக்கிறியாக்கும்," என்றார்.

பிறகு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏலே கருத்தக்கண்ணா! அடுப்பப் பத்த வைக்கச் சொல்லு!"

"எந்த வீட்டு அடுப்ப, சின்ன மச்சான்?" அவன் வேண்டுமென்றே கேட்டான்.

"அந்த வீட்டு அடுப்ப! சாவு இந்த வீட்டுல!"

கொஞ்ச நேரத்தில் ஓட்டு இடுக்குகளில் புகை கிளம்பியது. அக்கரையில் அண்டாவோடு நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அடப் பாவிகளா, அடுப்பு எரியுதுடோய்!" என்று கூப்பாடு போட்டார்கள். சோளச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் ஆயின. பிள்ளைகள் தின்ற வேகத்தைப் பார்த்து ஜக்கம்மாவே, "மெல்லத் தின்னுங்க, சாவு ஒண்ணு போதும்," என்றாள். கொள்ளி வைக்கிறவர் என்பதால் அம்மாவாசி சாப்பிடவில்லை. இருளம்மாளும் சாப்பிடவில்லை.

பொழுது சாய்கிறபோது மழை விட்டுத் தண்ணீர் வடிந்தது. பஞ்சம்மாளைக் கைத்தாங்கலாக ஓடையைத் தாண்டிக் கூட்டி வந்தார்கள். அவள் அழுது முடிந்ததும் இருளம்மாள் எழுந்து வந்து அடுப்பு மேடையின் இரண்டு முளையை உருவினாள். மேடை அடுப்போடு தனியாகக் கழன்று வந்தது. இன்னும் இரண்டு முளை. ஒரு பக்கத்து இழுப்பறைகள் மொத்தமும் பெட்டி போல வெளியே வந்தன. உள்ளே நாலு பேர் நிற்க இடம்.

அம்மாவாசி வாயைப் பிளந்தார். "காலையிலயே சொல்லிருக்கலாம்ல, மதினி?"

"நீங்க கடப்பாரையில்ல கேட்டீக."

எடுத்தார்கள். அம்மாவாசி கொள்ளி வைத்தார். முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது, பெண்கள் வண்டியைச் சுற்றி நின்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டைத்தான் கழுவ வேண்டும் என்று ஜக்கம்மா சொல்லிவிட்டாளாம். கழுவி, இழுப்பறைகளை மறுபடி ஏற்றி, தலைமாடு இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். இருளம்மாள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. யாரோ பின்பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குள் பந்தி நடந்தது. அம்மாவாசி ஒரு கும்பாவில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, துண்டால் மூடிக்கொண்டு வெளியே வந்தார். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது. படுதாவுக்குப் பின்னால் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. கையால் தள்ளினால் விலகிவிடும் படுதாதான்.

அவர் இந்தப் பக்கமே நின்று தொண்டையைக் கனைத்தார். உள்ளேயிருந்து சத்தமில்லை. இன்னொரு தரம் கனைத்தார்.

"ஏன் சின்ன மச்சான் மழையில நனையிறீக? உள்ள ஏறுங்க," என்று வீட்டிலிருந்து கருத்தக்கண்ணன் குரல் கொடுத்தான்.

"இருலே," என்றார் அம்மாவாசி. "கூப்பிடட்டும்."

கும்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனைந்தபடி நின்றார்.