ஐந்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை

எங்கள் மகள் ஐந்து வயதில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, முதல் வகுப்புக்காரங்க நமக்கு முன்னாடியே ஊருக்குப் போயிருவாங்களா?" எல்லாம் ஒரே ரயில்தானே என்று சொல்லிச் சிரித்தேன். தவறான பதில்.

இந்த ரயிலின் முதல் வகுப்பு திங்கட்கிழமையே திண்டுக்கல் சேர்ந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு இன்று, செவ்வாய், சேரும். எங்கள் ஐந்தாம் வகுப்பு வெள்ளிக்கிழமை. என்ஜின் ஒன்றுதான்.

ஐந்தாம் வகுப்பில் இருக்கை கிடையாது. ஆளுக்கு ஒரு கைப்பிடி. என்னுடையது நாற்பத்தொன்று. ஒரு கைப்பிடி காலியாக இருந்தாலும் மொத்த ரயிலும் நகராது. காலையிலிருந்து ஜன்னலில் செங்கல்பட்டு ஏரிதான் தெரிகிறது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இன்று நாலு மணிக்கு என் மனைவி திலகவதிக்கு இதயத்தில் ஆபரேஷன். போனில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "உங்க முகத்த ஒருவாட்டி பாத்துட்டு உள்ள போயிர்றேன். வந்துருவீங்கல்ல?" வந்துவிடுவேன் என்றேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த கிழமையைப் படிக்காமல் சொன்னேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"சார், என்னை ரெண்டாம் வகுப்புக்கு மாத்தி விடுங்க."

"காரணம்?"

"மனைவிக்கு ஆபரேஷன்."

"அது அவங்க காரணம். உங்க காரணம்?"

யோசித்தேன். "பயமா இருக்கு."

படிவத்தில் தேடினார். "அதுக்குக் கட்டம் இல்ல."

"வேற வழி?"

"மேல் வகுப்புல யாராவது எந்திரிச்சு இடம் குடுத்தா உக்காரலாம். தடை இல்ல."

"குடுப்பாங்களா?"

"தடை போடுற அளவுக்கு இதுவரைக்கும் யாரும் குடுக்கல."

கைப்பிடியை விட்டதும் ரயில் நின்றது. நடந்தேன். நான்காம் வகுப்பின் ஜன்னலில் விழுப்புரம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் திருச்சி. அங்கே ஒருவர் நடுப் படுக்கையாக மாறியிருந்தார். இரண்டு சங்கிலிகளில் தொங்கினார். அவர்மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெண் இட்லி சாப்பிட்டாள்.

"சட்னி சிந்துது, கொஞ்சம் சொல்லுங்களேன்," என்றார். சொன்னேன். கைக்குட்டையால் அவரைத் துடைத்தும் விட்டேன்.

"நல்லா இருப்பீங்க. சீக்கிரம் போங்க. நடைபாதை மத்தியானத்துல நீளும்."

அதற்குள் நீண்டுவிட்டது. ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே மூன்று பேர் டீ விற்றார்கள். முதலாமவரிடம் வாங்கிய டீ மூன்றாமவரைத் தாண்டும்போது ஆறியிருந்தது.

இரண்டாம் வகுப்பில் எல்லா இருக்கையிலும் துண்டு கிடந்தது. ஆட்கள் இல்லை. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் ஏறவே இல்லை. துண்டு கிடக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. நான் உட்காரவில்லை. உட்காராதவனுக்கு ஊரும் வரவில்லை. ஜன்னல் வெறுமையாக இருந்தது.

ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, தோளில் பச்சைத் துண்டு.

"ஏன் தம்பி நிக்கிறீங்க?"

"நாலு மணிக்குத் திண்டுக்கல்ல சம்சாரத்துக்கு ஆபரேஷன், பாய். நான் அஞ்சாம் வகுப்பு."

எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் இருக்கையில் போட்டார். "இது உங்களுக்குப் போட்ட துண்டு. உக்காருங்க. கைப்பிடி எத்தனாம் நம்பர்?"

"நாப்பத்தொண்ணு. நீங்க எப்படி?"

"மதுரையில ஒரு சின்ன வேலை. என்னைக்கு வேணாலும் பாத்துக்கலாம்."

பெயர் கேட்டேன். "மசூது," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் ரயில் நகர்ந்தது. நாற்பத்தொன்றைப் பிடித்துவிட்டார்.

திண்டுக்கல் வந்தது. ஆஸ்பத்திரி இரண்டாம் பிளாட்பாரத்தில் இருந்தது. திலகவதியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று ஐம்பத்தெட்டு.

"ஷேவ் பண்ணலையா?"

"ரயில்ல தண்ணி வரல."

"இந்த மூஞ்சிக்கா இவ்வளவு நேரம் காத்துக் கெடந்தேன்?"

சிரித்தாள். என் விரலைப் பிடித்தாள், விட்டாள். உள்ளே போனாள். கதவு மூடியது.

"எட்டு மணிக்குக் கண் முழிப்பாங்க," என்றார் நர்ஸ். "பக்கத்துல யாராவது இருந்தா நல்லது."

"நான் இருப்பேன்," என்றேன்.

துண்டை மடித்தேன். முனையில் ஒரு முடிச்சு இருந்தது. கை பட்டு அவிழ்ந்தது. உள்ளே நான்காக மடித்த கல்யாணப் பத்திரிகை. மணமகளின் தகப்பனார் மசூது. இடம் மதுரை. இன்று மாலை ஆறரை மணி.

ஐந்தாம் வகுப்புக்கு மதுரை சனிக்கிழமை.

மூடிய கதவைப் பார்த்தேன். கடவுளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ரயிலில் ஏறினேன். திருச்சி, விழுப்புரம், ஏரி.

ஐந்தாம் வகுப்பில் மாலை வெயிலிலேயே எல்லோரும் நின்றபடி தூங்கினார்கள். மசூது பாயும் தூங்கினார். எழுப்பினால் வேண்டாம் என்பார். அவர் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ரயில் நின்றது. யாரும் விழிக்கவில்லை.

அவரை முதுகில் தூக்கிக்கொண்டேன். முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தூங்குகிறவரின் எடை முழுதாக இருந்தது. பரிசோதகர் படிவங்களின் மேல் தலை வைத்துத் தூங்கினார். நடுப் படுக்கைக்காரரை மடக்கி வைத்திருந்தார்கள். டீ விற்பவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

பாயை அவர் இருக்கையில் சாய்த்தேன். பத்திரிகையை மறுபடி முடிந்து, துண்டைத் தோளில் போட்டேன். தலை ஜன்னலில் இடிக்காமல் என் பையை அணை கொடுத்தேன். வந்த வழியே திரும்பினேன்.

எட்டு மணிக்குத் திலகவதி கண் விழிப்பாள். யாராவது அவள் உதட்டைத் தண்ணீரால் நனைத்து, "அவர் வந்துட்டே இருக்கார்" என்பார்கள். அப்படி ஒருவரைக் கடவுள் எல்லா வார்டிலும் வைத்திருக்கிறார்.

நாற்பத்தொன்றைப் பிடித்தேன். ரயில் நகர்ந்தது. ஏரி முடியவில்லை.